போலி அறிவியலும் நம் வகுப்பறையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



போலி அறிவியலை இனங்காணவும் அதற்கு விடையிறுக்கவும் மாணவர்க்குக் கற்பிப்பது எப்படி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். வெள்ளி விழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். கட்டடம், நூலகம், உதவித்தொகை, வேலைவாய்ப்பு என்று பேச வேண்டிய நேரத்தில் மந்திரம், சோதிடம், கைரேகை என்று பேசுவானேன் என்று வினவக்கூடும். நம் சமுதாயத்திற்கு இதனினும் நெருக்கமான பொருள் பிறிதொன்று இல்லை என்பதே நம் விடை. நம்மைத் தாழ்ந்தவர் என்று சொல்ல விரும்பியோர், அவரவர் காலத்து அறிவின் மொழியைக் கடன் வாங்கியே அவ்வாறு சொல்லி வந்துள்ளனர். முன்னாளில் அது சாத்திரத்தின் மொழியில் சொல்லப்பட்டது. பின்னாளில் அறிவியலின் மொழியில் சொல்லப்பட்டது. எம்மொழியில் சொல்லப்பட்டாலும், "இதற்குச் சான்று யாது?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை எளிதில் ஏமாற்ற இயலாது.

போலி அறிவியல் என்பது யாது?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அறியாமை வேறு, நம்பிக்கை வேறு, போலி அறிவியல் வேறு. மழை எவ்வாறு பெய்கிறது என்று ஒரு குழந்தைக்குத் தெரியாதிருப்பது அறியாமை. சொல்லிக் கொடுத்தால் அது தீரும். குலதெய்வத்திற்குப் பொங்கல் வைத்து மனநிறைவு கொள்வது நம்பிக்கை. அவ்வாறு பொங்கல் வைக்கும் தாய் அதனை இயற்பியல் என்று சொல்வதில்லை; அறிக்கை தருவதாகக் கூறிக் கட்டணம் பெறுவதுமில்லை. போலி அறிவியலோ அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு வருவது. ஆற்றல், அலை, காந்தம், நரம்பு, மரபணு என்னும் சொற்களைத் தாராளமாகக் கையாளும். வெள்ளை அங்கி அணியும். கணிப்பொறியில் அச்சிட்ட தாளைக் கையில் தரும். சோதனை என்றவுடன் மட்டும் பின்வாங்கும்.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) நம் சமுதாயத்திற்குக் கற்பித்த பெரும் பாடம் வேடத்தையும் மெய்யையும் பிரித்தறிவது. யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று அவர் பிரித்துக் காட்டினார். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், ஊரார் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட பழங்கதைகளை எடுத்து, அவை எங்கிருந்து வந்தன, யாருக்குப் பயன்படுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். அவர் சொல்லைப் பின்பற்றி நாமும் யதார்த்த அறிவியல், வேஷ அறிவியல் என்று பிரித்துப் பார்க்கலாம்.

"அறிவியலும் தவறியதுண்டே?" என்பார் சிலர். தவறியதுண்டு. 1903-இல் பிரான்சு நாட்டு நான்சி நகரில் ரெனே பிளாந்லோ என்னும் புகழ்பெற்ற இயற்பியலார் 'என் கதிர்கள்' என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். வேறு பலரும் தாமும் கண்டதாக எழுதினர். 1904-இல் அமெரிக்க இயற்பியலார் ராபர்ட் வுட் அவருடைய ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். கருவியின் உயிர்நாடியான பட்டகத்தை இருட்டில் ஒருவரும் அறியாமல் எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டகம் இல்லாத நிலையிலும் முன்போலவே அளவுகள் சொல்லப்பட்டன. காண விரும்பியதையே கண்கள் கண்டன என்பது விளங்கிற்று. அக்கதிர்களை அறிவியல் உலகம் விரைவில் கைவிட்டது. அறிவியலின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஓர் அறிவியலார் செய்த பிழையை இன்னோர் அறிவியலார் சோதித்துத் திருத்துகிறார். வேஷ அறிவியலில் இந்தத் திருத்தம் நிகழ்வதே இல்லை.

நம் மூக்கை அளந்த கணக்கு

இனி நம் சமுதாயத்தின்மேல் சுமத்தப்பட்ட ஒரு வேஷ அறிவியலைக் காண்போம். 1901-ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு 'நாசிக் குறியீடு' என்று பெயர். ஒரு சாதியின் மூக்கு அகன்றிருக்கும் அளவுக்கு அதன் சமூகத் தகுதி தாழ்ந்திருக்கிறது என்று அவர் எழுதினார். சாதி என்பது இனத்தால் வந்த பிரிவு, அதனை உடம்பிலேயே அளந்து காட்டலாம் என்பது அதன் கருத்து. நம் சென்னையிலும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டிருந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் வெளிவந்தன.

எண்ணும் கருவியும் அட்டவணையும் இருந்தமையால் படித்தவர்கள் பலர் இதனை அறிவியல் என்றே ஏற்றனர். அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார் என்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் சினந்து ஒதுக்கவில்லை; அந்த அட்டவணையையே கையில் எடுத்தார். தீண்டப்படாதோர் யார் என்பது குறித்து 1948-இல் அவர் வெளியிட்ட நூலில், சமூகவியலார் குர்யே தொகுத்திருந்த அளவுகளை மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டார். பிராமணரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் என்னும் கொள்கைக்கு அந்த அளவுகளே மாறாக இருப்பதைக் காட்டினார். எந்தக் கோலைக் கொண்டு நம்மை அளந்தனரோ, அந்தக் கோலைக் கொண்டே அந்தக் கொள்கை பொய் என்று நிறுவினார். தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணம் ஆகாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இவ்வாறுதான்.

இன்றைய உயிரியல் இக்கொள்கையின் வேரையே அறுத்துவிட்டது. உலகில் எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுடைய மரபணுத் தொடரில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கிறது. மூக்கின் வடிவைக் கொண்டு அறிவையோ ஒழுக்கத்தையோ அறிய வழியில்லை.

ஆயினும் 'அவர்களுக்குப் படிப்பு வராது' என்ற சொல் இன்னும் சில பள்ளிகளின் ஆசிரியர் அறையில் உலவுகிறது. அதற்கும் சோதனையால் விடை கிடைத்துள்ளது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2004-இல் வெளியிட்டனர். உயர்சாதியினர் எனப்படுவோர் 321 பேர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் 321 பேர். தாளில் வரைந்த சிக்கல் வழிப் புதிர்களைத் தீர்ப்பது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. சாதி சொல்லப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். ஒவ்வொருவரின் பெயரோடும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் உரக்கச் சொன்ன பிறகு தாழ்த்தப்பட்ட மாணவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. மூளை மாறவில்லை, புதிர் மாறவில்லை. அவமதிப்பை எதிர்நோக்கிய மனம் ஒன்றுதான் மாறியது. படிப்பு வரவில்லை என்று சொல்வோர் கேட்க வேண்டிய கேள்வி, வகுப்பறையில் என்ன சொல்லப்பட்டது என்பதே.

இன்றைய வேடங்கள்

மூக்கை அளந்த காலம் போயிற்று. இப்போது விரல்ரேகையை எடுக்கிறார்கள். குழந்தையின் பத்து விரல்களையும் பதிவு செய்து, அவன் மருத்துவம் படிக்கத்தக்கவனா, கணக்கு வருமா, இசை வருமா என்று பல பக்க அறிக்கை தரும் வணிகம் நகரங்களில் பெருகியது, சிற்றூர்களையும் எட்டியது. விரல்ரேகைகள் கருவில் ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் தோன்றத் தொடங்கிப் பிறப்புக்கு முன்பே நிலைபெறுபவை. ஆளை அடையாளம் காண அவை பயன்படும். சில பிறவிக் குறைபாடுகளில் கைரேகை மாறுபடுவதையும் மருத்துவர்கள் கவனிப்பதுண்டு. ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு குழந்தையின் அறிவுத்திறனைக் கணிக்கலாம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. அந்த அறிக்கையின் உட்பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உன் எல்லை பிறப்பிலேயே உன் உடம்பில் எழுதப்பட்டுவிட்டது என்பதுதானே அது? தலையெழுத்து என்று பாட்டி சொன்னதும், நாசிக் குறியீடு என்று ரிஸ்லி சொன்னதும், விரல்ரேகை அறிக்கை சொல்வதும் அடிப்படையில் ஒன்றே. இம்முறை அதற்கு நாமே கூலி நாளிலிருந்து பணம் எடுத்துத் தருகிறோம் என்பது ஒன்றே வேறுபாடு.

நடுமூளையைத் தூண்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம் என்பது மற்றொரு வேடம். நடுமூளை தூங்கிக்கொண்டிருக்கும் உறுப்பன்று. கண்ணசைவு, செவிப்புலன் முதலியவற்றில் அது எந்நேரமும் பணி செய்துகொண்டே இருக்கிறது. கண்கட்டின் கீழே மூக்கின் இருமருங்கும் உள்ள இடுக்கு வழியாகப் பிள்ளைகள் படிக்கின்றனர். முகவாய்க்குக் கீழே ஓர் அட்டையைப் பிடித்துக் கீழ்ப்பார்வையை மறைத்துவிட்டு, அப்புறம் படிக்கச் சொன்னால் உண்மை வெளிப்படும்.

மூன்றாவது வேடம் நம்மை நேராகத் தாக்குவது. 2024-ஆம் ஆண்டில் சென்னையில் அரசுப் பள்ளியில் மாணவர்க்கு ஊக்கமூட்டப் பேச வந்த ஒருவர், உடற்குறைகளுக்கும் வாழ்க்கைத் தாழ்வுகளுக்கும் முற்பிறவிச் செயல்களே காரணம் என்ற பொருள்படப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அவ்விடத்திலேயே எதிர்த்துக் கேள்வி கேட்டார். நாடே அச்செய்தியைப் பேசிற்று. முற்பிறவிப் பாவம் என்னும் இவ்விளக்கம்தான் நம் முன்னோர்க்குத் தெருவும் கிணறும் மறுக்கப்பட்டதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. இதனைச் சோதிக்க வழியில்லை, மறுக்கவும் வழியில்லை, பாதிக்கப்பட்டவனையே குற்றவாளி ஆக்கும். அதற்கு 'ஊக்கம்' என்று பெயரிட்டுப் பள்ளிக்குள் கொண்டு வந்தாலும் அது பழைய விலங்கே.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

நோயைச் சொன்னோம்; மருந்தைச் சொல்ல வேண்டும். 'இவையெல்லாம் மூடநம்பிக்கை, நம்பாதீர்' என்று ஆசிரியர் சொல்லி, மாணவர் அதனை எழுதி மனப்பாடம் செய்தால் பயனில்லை. நம்பு என்றவர் சொல்லை நம்பியவன் நம்பாதே என்றவர் சொல்லையும் அவ்வாறே நம்புவான். அடுத்த நாள் இவரினும் உரத்த குரலில் ஒருவர் பேசினால் அவர் பக்கம் சாய்வான். சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்ட பொருளை ஆராய்வதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்த ஆராய்ச்சியைக் கையால் செய்து பழக வேண்டும்.

முதற்பயிற்சி, பொதுப்பலன் சோதனை. ஆசிரியர் மாணவர்களின் பிறந்த நாளை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஒவ்வொருவருக்கும் மடித்த தாளில் பலன் தரட்டும். "உனக்கு உதவும் மனம் உண்டு; உதவி செய்தும் கெட்ட பெயர் வாங்குவாய். பணம் வரும், கையில் நிற்பது அரிது. உன்னை வீட்டார் முழுதும் புரிந்துகொள்ளவில்லை" என்பதுபோல் எழுதலாம். எத்தனை பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நான்கும் ஐந்தும் இடுவர். பிறகு தாளை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், எல்லாத் தாளிலும் ஒரே வாசகம் இருப்பது தெரியவரும். 1948-இல் அமெரிக்க உளவியலார் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேரிடம் இவ்வாறே செய்தார். அவர்கள் இட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. எவர்க்கும் பொருந்தும் சொல் எவரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை என்னும் உண்மையை மாணவர் அன்று கற்பர். வாழ்நாள் முழுதும் மறவார்.

இரண்டாம் பயிற்சி, காசு சுண்டுதல். தலையா பூவா என்று ஊகித்தால் பாதி சரியாகவே இருக்கும். ஆகவே பாதி பலித்தது என்பது திறமைக்குச் சான்று ஆகாது. இதனைச் சொல்லிவிட்டு, வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்ட நண்பர்களும் மராட்டியத்தில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அறிவுக்கூர்மை மிக்க 100 குழந்தைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 அனுப்பி, இது எந்த வகைக் குழந்தை என்று மட்டும் கேட்டனர். விடையனுப்பிய 27 சோதிடர்களின் கணிப்பில் 46 விழுக்காடே சரியாக இருந்தது. காசு சுண்டியிருந்தால் இதனினும் சற்றுக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். இவ்வாய்வில் பங்குகொண்ட தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பது சிலருக்கு எத்துணை இடையூறாக இருக்கிறது என்பதை மாணவர் உணர வேண்டும்.

மூன்றாம் பயிற்சி, மறைப்புச் சோதனை. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று எண்ணற்க. அமெரிக்காவில் எமிலி ரோசா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 1996-இல் இதனைச் செய்தாள். நோயாளியைத் தொடாமலே அவர் உடலைச் சூழ்ந்த ஆற்றலைக் கையால் உணர்ந்து நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்கள் 21 பேரை அவள் சோதித்தாள். அட்டை மறைப்பில் இரு துளைகள். அவற்றின் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலி காசு சுண்டிப் பார்த்து, ஏதேனும் ஒரு கையின் மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறையே சரியாயிற்று. அதாவது 44 விழுக்காடு. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதனை வெளியிட்டது. ஓர் அட்டையும் ஒரு காசும் போதுமானவையாக இருந்தன. அவை நம் பிள்ளைகளிடமும் இருக்கின்றன.

நான்காம் பயிற்சி, சமையலறை வேதியியல். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் நம் தாய்மார் அறிந்ததே. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். செம்பருத்தி இதழின் சாற்றைக் கத்தியில் தடவி உலரவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுத்தால் சாறு இரத்தம்போல் சிவக்கும். 'பழத்தில் இரத்தம் வந்தது, செய்வினை இருக்கிறது' என்று பணம் பறிப்பவரின் தந்திரங்களுள் இதுவும் ஒன்று. காரமும் அமிலமும் நிறத்தை மாற்றும் பாடத்தை இவ்வாறு தொடங்கினால் பாடமும் விளங்கும், அச்சமும் தெளியும்.

ஐந்தாம் பயிற்சி, விளம்பரத் தொகுப்பு. நீரிழிவு, புற்றுநோய், காக்கைவலிப்பு முதலியவற்றை அறவே குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையும், தாயத்து முதலிய மாயப் பொருள்களுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென விளம்பரம் செய்வதையும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. சுவரொட்டியிலும் இதழிலும் கைப்பேசியிலும் காணும் இத்தகைய விளம்பரங்களை மாணவர் ஒரு குறிப்பேட்டில் தொகுக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதட்டும். என்ன சொல்லப்படுகிறது? எப்படிச் சோதித்தனர்? பலிக்காதவர் எத்தனை பேர்? இதனால் பணமோ பெருமையோ பெறுவது யார்?

பாம்புக்கடி கற்பிக்கும் பாடம்

மூன்றாம் வினாவான 'பலிக்காதவர் எத்தனை பேர்' என்பது உயிர் காக்கும் வினா. நம் மக்கள் வயலிலும் வரப்பிலும் வைக்கோற்போரிலும் வேலை செய்பவர்கள்; பலர் தரையில் படுப்பவர்கள். ஆகவே பாம்பு நமக்குப் புத்தகப் பொருளன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

கடிபட்டவரை மந்திரிப்பவரிடம் கொண்டு செல்வோர் சொல்லும் காரணம், 'அவர் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்' என்பது. அச்சொல்லை நாம் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. கணக்காக்கிப் பார்ப்போம். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. எடுத்துக்காட்டாக, மந்திரிப்பவரிடம் பத்துப் பேர் வருவதாகவும் அவர்களில் எழுவர் உடலில் நஞ்சு ஏறவில்லை என்றும் கொள்வோம். அந்த எழுவரும் மந்திரம் இல்லாமலே பிழைத்திருப்பர். அவர்கள் ஊர் ஊராக அவர் புகழைப் பேசுவர். இறந்த மூவரோ பேசமாட்டார். அவர்களுக்கு 'விதி முடிந்தது' என்று ஊரார் சொல்லிவிடுவர். பலித்ததை மட்டும் எண்ணிப் பலிக்காததை எண்ணாவிட்டால் எந்தப் பொய்யும் மெய்யாகத் தோன்றும். மஞ்சள் காமாலைக்கு மந்திரிப்பதிலும் இதே கணக்குத்தான். காமாலையின் பரவலான ஒரு வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. அந்தத் தணிவின் புகழ் தாயத்துக்குப் போய்ச் சேர்கிறது.

மருந்து எது என்பதும் தெளிவாக வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து மருத்துவமனையில் ஊசி வழியாகத் தரப்படுகிறது. கடிபட்டவரை அச்சுறுத்தாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், இறுகக் கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 108 என்ற எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

அந்த மருந்து எவ்வாறு வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அம்மருந்தைச் செய்கின்றனர். அதற்குத் தேவையான நஞ்சை அளிப்போருள் முதன்மையானது, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புழுதியில் படிந்த தடத்தைக் கண்டே பாம்பின் வகையைச் சொல்லும் இருளர் அறிவு ஏட்டில் கற்றதன்று. ஆயினும் அது யதார்த்த அறிவு. ஏனெனில் ஒவ்வொரு நாளும் சோதிக்கப்பட்டுப் பிழையற்று நிற்கிறது. ஆகவே பழையன எல்லாம் பொய், பட்டம் பெற்றவர் சொல்வதெல்லாம் மெய் என்று நாம் கற்பிக்கக் கூடாது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையிலேயே, கௌரவர் நூற்றுவர் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தர் பேசினார். அறிவியலார் பலர் கண்டித்தனர். பட்டமும் பதவியும் சான்று ஆகமாட்டா. இருளரின் தடமறியும் திறனுக்குச் சான்று உண்டு. துணைவேந்தரின் பேச்சுக்கு இல்லை.

எள்ளாமல் எதிர்த்தல்

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றைக் கற்ற ஊக்கத்தில் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் கையிலுள்ள கயிற்றை அறுத்து எறியாதீர்கள். அந்தப் பாட்டி ஏன் மந்திரிப்பவரிடம் போனாள் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவமனை தொலைவில் இருந்தது. போன இடத்தில் எந்தத் தெரு என்று கேட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மந்திரிப்பவரோ திண்ணையில் அமர்த்தி, பெயர் சொல்லி விசாரித்தார். ஆறுதல் கிடைத்த இடத்திற்கு மனிதர் போவது இயற்கை. ஆகவே, "போகாதீர்" என்று சொல்லும் நாம் "வாருங்கள், நாங்கள் உடன் வருகிறோம்" என்றும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மருத்துவமனைக்குத் துணைபோகும் இளைஞர் ஒருவர் பத்துச் சொற்பொழிவாளருக்குச் சமம்.

கேட்கும் முறையிலும் பணிவு வேண்டும். "தாத்தா, அவர் மந்திரித்தும் பிழைக்காமற்போனவர் நம் ஊரில் யாராவது உண்டா?" என்று கேட்டால் தாத்தா எண்ணத் தொடங்குவார். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றால் எண்ணுவதை நிறுத்திவிடுவார்.

ஆசிரியர்களுள் சிலர் தயங்குகின்றனர். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ, பெற்றோர் சினப்பரோ என்று அஞ்சுகின்றனர். அவர்கள் அரசியலமைப்பைத் துணைக்கு அழைக்கலாம். 1976-ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனித நேயத்தையும் ஆராய்ந்து சீர்திருத்தும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படைக் கடமை என்கிறது. வகுப்பில் "சான்று யாது?" என்று கேட்கக் கற்பிக்கும் ஆசிரியர் நாட்டின் சட்டம் இட்ட கடமையையே செய்கிறார். எவர் வழிபாட்டையும் அவர் இகழ வேண்டியதில்லை. உலகில் நிகழும் ஒன்றைப் பற்றி யார் எதைக் கூறினாலும் அதனைச் சோதிக்கலாம் என்பது மட்டுமே அவர் கற்பிக்க வேண்டியது.

அந்தக் கேள்வியை மாணவர் ஆசிரியரிடமும் கேட்பர். கேட்கட்டும். பாடநூலில் உள்ளதற்கும் சான்று கேட்கட்டும். நம் சங்க மேடையில் சொல்லப்படுவதற்கும், இன்று நாம் சொன்ன எண்களுக்கும் சான்று கேட்கட்டும். கேள்வியைப் பிறர்மேல் மட்டும் ஏவக் கற்றவன் வாதியாவான். தன்மேலும் ஏவக் கற்றவனே அறிஞனாவான்.

சங்கத்தின் முன் மூன்று பணிகள்

வெள்ளி விழாவை முன்னிட்டு மூன்று பணிகளைச் சங்கத்தின்முன் வைக்கிறோம். முதலாவது, நம் மாலை வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைப் பெட்டி. காசு, அட்டை, கண்கட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, செம்பருத்தி, எலுமிச்சை, ஒரு குறிப்பேடு ஆகியவை அதில் இருந்தால் போதும். செலவு மிகச் சிறிது. இரண்டாவது, மாதந்தோறும் ஒரு 'வினா நாள்'. அன்று மாணவர் தாம் கேள்விப்பட்ட ஒரு கூற்றைக் கொண்டு வந்து நான்கு வினாக்களையும் பொருத்திக் காட்ட வேண்டும். மூன்றாவது, பாம்புக்கடி, காமாலை, வலிப்பு ஆகியவற்றின்போது மருத்துவமனைக்கு உடன்செல்லும் இளைஞர் அணி. முதலிரண்டும் அறிவுக்கு, மூன்றாவது உயிருக்கு. மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டையும் ஊரார் வெறும் வாய்ப்பேச்சு என்பர். அவ்வாறு சொல்வதில் தவறும் இராது.

நம் முன்னோரை எழுத்தறிவிலிருந்து விலக்கி வைத்தவர்கள் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தனர். அந்த விளக்கத்தை எவரும் கேள்வி கேட்காதவரை அது நிலைத்தது. கேட்கத் தொடங்கிய நாளில் ஆட்டங்கண்டது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்பித்தது. படித்ததைச் சோதித்துப் பார்க்கக் கற்பிப்பது இனிவரும் ஆண்டுகளின் பணி. பத்து விரல்களின் ரேகையைப் பதித்துக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல ஒருவர் அடுத்த முறை நம் தெருவுக்கு வரும்போது, அவரிடம் அட்டையும் காசும் குறிப்பேடுமாகச் சென்று, "ஐயா, எங்கள் முன்னிலையில் ஒரு சோதனைக்கு இசைவீர்களா?" என்று மரியாதையோடு கேட்கும் பத்துப் பிள்ளைகள் நம் தெருவில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை உருவாக்கும் பொறுப்பை இம்மன்றத்தில் அமர்ந்துள்ள ஒவ்வொருவரும் ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.